தீவுக்கு விலையுண்டு, மக்களுக்கு?

உலக ஒழுங்கு மாறுகின்றது என்று இற்றை நாளில் எல்லாரும் பேசுகின்றனர். அமெரிக்காவின் ஒற்றை மேலாளுமை தளர்கின்றது, சீனம் எழுகின்றது, உருசியா தன் பழைய எல்லைகளை நினைந்து படை நடத்துகின்றது, இந்திய அரசோ தனக்கும் ஒரு வல்லரசு இருக்கை வேண்டுமெனக் கேட்கின்றது. எந்த வல்லரசு வெல்லும், எது வீழும் என்பதையே செய்தித்தாள்கள் மற்போர் பார்ப்பார் போல நாள்தோறும் கணித்துக் கொண்டிருக்கின்றன. அவ்வினாவினும் அடிப்படையான வினாவொன்று உண்டு. ஒழுங்கு மாறுங்கால் யாருடைய வாழ்வு மாறுகின்றது? அரியணையில் ஆள் மாறுவதால், அதன் காலடியில் நசுங்கிக் கிடப்பவனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கின்றதா?

இவ்வினாவைப் பொதுப்பட வினவினால் பொதுப்படவே விடை வரும். ஆகலின் ஓர் இடத்தையும் ஒரு மக்களையும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். குமரிமுனைக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலின் நடுவே, சாகோசு என்னும் தீவுக்கூட்டம் கிடக்கின்றது. அறுபதளவான பவழத் திட்டுகள். நிலப்பரப்பெல்லாம் சேர்ந்தும் 60 சதுரக் கிலோமீட்டர் தேறாது. அவற்றுள் பெரியது தியேகோ கார்சியா. போர்ச்செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் அது. ஆங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதை அறிந்தவர் சிலரே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரஞ்சுக்காரர் அத்தீவுகளில் தென்னந்தோட்டம் இட்டனர். மடகாசுகரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொணரப்பட்ட அடிமைகளே அத்தோட்டங்களில் உழைத்தனர். 1814-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மொரீசும் அதனைச் சார்ந்த தீவுகளும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. அடிமைமுறை ஒழிந்த பின்னர் இந்தியாவிலிருந்தும் கூலியாட்கள் சென்று சேர்ந்தனர். இவர்களெல்லாம் கலந்து ஐந்தாறு தலைமுறைகளில் ஒரு தனி மக்களாயினர். கொப்பரை காய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தனர். தமக்கெனக் கிரியோல் மொழியின் ஒரு கிளையையும், தம் பாட்டையும், தம் உணவையும், தம் இடுகாட்டையும் உடையராயினர். ஒரு மக்களை மக்கள் என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

வல்லரசுகளுக்கு இவையெல்லாம் போதா போலும்!

1960-களில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாய் விடுதலை பெற்றன. விடுதலை பெற்ற நாடு, தன் மண்ணிலுள்ள அயலார் படைத்தளத்தை என்றேனும் வெளியேறச் சொல்லும். அதனை முன்னரே உணர்ந்த அமெரிக்கக் கடற்படையினர், மக்கள் மிகக் குறைந்த, விடுதலை கேட்க ஆளில்லாத தீவுகளை இப்பொழுதே ஒதுக்கி வைத்துக்கொள்ளத் திட்டமிட்டனர். 1964-இல் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இதுபற்றிக் கலந்து பேசினர். சோவியத்துப் போர்க்கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் தொடர்ந்து உலவத் தொடங்கியதோ 1968-இல்தான். 'சோவியத்தின் கடற்படையை எதிர்கொள்ளவே தளம் வைத்தோம்' என்று பின்னாளில் சொல்லப்பட்ட ஏதுவை விடத் திட்டம் நான்காண்டு மூத்தது என்பதைக் குறித்துக் கொள்ளுதல் வேண்டும்.

அப்போது மொரீசு ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. விடுதலைப் பேச்சுக்காக 1965 செபுதம்பரில் இலண்டன் சென்ற மொரீசுத் தலைவர் சிவசாகர் இராம்கூலத்தை, ஆங்கிலேயத் தலைமையமைச்சர் வில்சன் 23-ஆம் நாள் தனியே அழைத்துப் பேசினார். சாகோசுவைக் கொடுத்தால் விடுதலை. கொடுக்காவிடின் விடுதலை கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் அச்சத்தை அவர்க்கு உண்டாக்க வேண்டுமென்று வில்சனுக்கு அலுவலர் எழுதித் தந்த குறிப்பு பின்னர் வெளியாகிவிட்டது. அச்சமும் நம்பிக்கையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றித் தரப்பட்டன. 30 இலக்கம் பவுண்டு இழப்பீடு என்று பேசி முடித்தனர். 1965 நவம்பர் 8-ஆம் நாள் தீவுகள் மொரீசிலிருந்து பிரிக்கப்பட்டு, 'பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்னும் புதுப்பெயர் பெற்றன. குடியேற்ற நாட்டைத் துண்டாடுதல் கூடாதென 1960 திசம்பரில் சாற்றிய ஒன்றிய நாடுகள் அவை, 1965 திசம்பர் 16-இலும் மொரீசைக் கூறுபோடாதே என்று பெயர் சுட்டியே கேட்டுக்கொண்டது. கேட்பார் இல்லை.

1966 திசம்பர் 30-இல் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் மடல் மாற்றிக் கொண்டனர். ஐம்பதாண்டுகளுக்குத் தீவு அமெரிக்கப் படைக்கு. வேண்டின் மேலும் இருபதாண்டு. மாறாக, நீர்மூழ்கிக் கப்பலுக்கான பொலாரிசு ஏவுகணைகளை ஆங்கிலேயர் வாங்கியதில், அவர்கள் செலுத்த வேண்டியிருந்த ஆய்வுக் கட்டணத்தில் 1 கோடியே 40 இலக்கம் தாலர் மறைவாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. தீவுக்கு விலை இருந்தது. அதன்மேல் வாழ்ந்த மக்களுக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

இனிச் செய்த சூழ்ச்சியைக் காண்க. நிலையான குடிகள் ஓர் ஆட்சிப்பகுதியில் இருப்பின், அவர்களின் நலம்பற்றி ஒன்றிய நாடுகள் அவைக்கு ஆண்டுதோறும் விடை சொல்ல வேண்டிவரும். ஆகலின் நிலையான குடிகளே இல்லை எனச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தனர். ஆங்குள்ளோர் மொரீசிலிருந்து வந்துபோகும் கூலியாட்கள் என்று எழுதினர். கடற்பறவைகளைத் தவிர ஆங்குப் பழங்குடி எதுவும் இராது என்று இலண்டன் அயலுறவுத் துறையின் உயர் அலுவலர் ஒருவர் 1966-இல் ஏளனமாகக் குறித்தார். அம்மக்களை, கதைகளில் வரும் காட்டாள்களுக்கு ஒப்பிட்டு மற்றொருவர் எழுதினார். இவை பகைவர் கட்டிய கதைகளல்ல; அவர்கள்தம் ஆவணக் காப்பகத்திலிருந்தே வெளிவந்தவை.

சொல்லின் வலிமையை நன்குணர்ந்த நம்மனோர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். ஒரு மக்களை அழிக்க முதலில் எடுக்கப்படும் படைக்கலம் சொல்தான். 'குடிகள்' என்னும் சொல்லை எடுத்துவிட்டுக் 'கூலியாட்கள்' என்னும் சொல்லை வைத்தனர். அவ்வொரு சொல் மாறியதும், ஐந்தாறு தலைமுறையாய் வாழ்ந்தவன் தன் வீட்டிலேயே விருந்தினன் ஆனான். விருந்தினனை வெளியேற்றப் படையும் வேண்டுவதில்லை. கப்பல் ஒன்று போதும்.

1968 முதல், மருத்துவத்திற்கோ உறவினரைக் காண்பதற்கோ மொரீசு சென்ற சாகோசு மக்கள், திரும்பக் கப்பல் கேட்டபோது, 'உன் தீவு விற்கப்பட்டுவிட்டது' என்னும் கருத்துப்பட விடை பெற்றனர். தீவுகளுக்கு உணவும் மருந்தும் செல்வது குறைக்கப்பட்டது. 1971-இல் தியேகோ கார்சியா வெறுமையாக்கப்பட்டது. மக்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, நச்சுப்புகை செலுத்திக் கொன்றனர். 1972-இல் சாலமன் திட்டுகளும், 1973-இல் பெரோசு பாஞோசு திட்டுகளும் வெறுமையாயின. ஏறத்தாழ 1,500 முதல் 2,000 வரையான மக்கள் மொரீசின் துறைமுகத்திலும் சீசெல்சுத் தீவுகளிலும் இறக்கிவிடப்பட்டனர்.

'போர்க்காலத் தேவைக்காகச் சிலர் இடம்பெயர நேர்வது இயல்புதானே' என்று கூறுவாரும் உளர். இக்கூற்று பொருந்தாது. பெரோசு பாஞோசு, தியேகோ கார்சியாவிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கே தென்னை ஏறியவனால் இங்கே உள்ள வானூர்தித் தளத்திற்கு என்ன இடர் நேர்ந்துவிடும்? அத்தளத்தில் சமைக்கவும் துப்புரவு செய்யவும் கட்டடம் கட்டவும் பிலிப்பைன்சு முதலிய அயல்நாடுகளிலிருந்து ஆட்கள் கொணரப்பட்டனர். அயலார் வாழலாம், அம்மண்ணில் பிறந்தவன் மட்டும் வாழக்கூடாது. ஏனெனின், பிறந்தவன் உரிமை கேட்பான். வந்தவன் கூலி மட்டுமே கேட்பான்.

வெளியேற்றப்பட்டோர் மொரீசின் சேரிகளில் வேலையின்றி வாடினர். 1973-இல் ஆங்கிலேய அரசு மொரீசு அரசுக்குத் தந்த 6,50,000 பவுண்டு, ஆண்டுகள் சில கழித்தே அவர்கள் கைக்குச் சென்றது. பெண்களே முன்னின்று போராடினர், தெருவில் பட்டினி கிடந்தனர், சிறைக்கும் சென்றனர். அதன் விளைவாக 1982-இல் 40 இலக்கம் பவுண்டு ஒதுக்கப்பட்டது. அத்தொகையைப் பெற வந்தவரிடம் ஆங்கிலத்தில் எழுதிய தாளில் கைந்நாட்டு வாங்கினர். இனித் திரும்பும் உரிமை கோரோம் என்பது அத்தாளின் உட்பொருள். கிரியோல் மட்டுமே அறிந்த, எழுத்தறியாத தாய்மார் பலர், தாம் எதற்கு விரல் பதிக்கின்றோம் என்பதையே அறியாதிருந்தனர். தன் மொழியில் இல்லாத ஆவணத்தால் ஒரு மக்களின் தாயகம் எழுதி வாங்கப்பட்டது. மொழி வெறும் கருவிதானே என்பார் இக்கைந்நாட்டுகளை எண்ணிப் பார்ப்பாராக!

இனி, ஒழுங்கு மாறிய வரலாற்றைப் பார்ப்போம்.

முதல் மாற்றம் 1991-இல் நேர்ந்தது. சோவியத்து ஒன்றியம் கலைந்தது. யாரைக் காட்டி அத்தளம் ஞாயப்படுத்தப்பட்டதோ, அந்த எதிரியே மறைந்து போனான். தளம் மூடப்பட்டதா? இல்லை, பெருத்தது. 1991-இல் வளைகுடாப் போருக்கும், 2001-இல் ஆப்கானித்தான் போருக்கும், 2003-இல் ஈராக்குப் போருக்கும் அங்கிருந்தே குண்டு வானூர்திகள் எழுந்தன. பிடித்துச் செல்லப்பட்டோரை ஏற்றிய அமெரிக்க வானூர்திகள் 2002-இல் இருமுறை ஆங்கு இறங்கியதை, பலகால மறுப்பிற்குப் பின் 2008-இல் ஆங்கிலேய அமைச்சரே ஒப்புக்கொண்டார். அத்தளத்திற்கு அமெரிக்கப் படையினர் இட்டு வழங்கும் செல்லப்பெயர் 'விடுதலையின் காலடி' என்பது. விடுதலை கால் வைத்த இடத்தில் மக்களுக்குக் கால் வைக்க இடமில்லை!

முறைமன்றங்களையும் அம்மக்கள் நாடினர். சாகோசுவில் பிறந்து நாடிழந்த மின்பணியாளர் ஒலிவியே பாங்கூல்ட்டு தொடுத்த வழக்கில், 2000 நவம்பரில் இலண்டன் உயர்முறை மன்றம் வெளியேற்றம் முறையற்றதெனத் தீர்ப்பளித்தது. 2004 சூனில், நாடாளுமன்றத்தில் கருத்தாடலே இன்றி, அரசியின் ஆணை ஒன்றினால் அவ்வெற்றி பறிக்கப்பட்டது. கீழ்மன்றங்கள் இருமுறை அவ்வாணையைத் தள்ளின. 2008 அக்தோபரில் பெருமக்கள் அவையின் நடுவர் ஐவருள் மூவர் அரசின் பக்கம் நின்றனர். மூவர்க்கு இருவர்! ஒரு தலை மாறியிருந்தால் ஒரு மக்கள் வீடு திரும்பியிருப்பர். பின்னர் 2010-இல் அக்கடற்பரப்பு ஏறத்தாழ முழுமையும் உயிரினக் காப்புப் பகுதியென அறிவிக்கப்பட்டது. மீனுக்கும் பவழத்துக்கும் காப்பு வந்தது. மீன் பிடித்து வாழ்ந்தவனுக்கு மற்றுமொரு வேலி வந்தது. மொரீசின் கடலுரிமையை மதியாது செய்யப்பட்ட அவ்வறிவிப்பு பன்னாட்டுக் கடற்சட்டத்திற்கு மாறானதென்று 2015-இல் நடுவர் குழுவொன்று தீர்த்தது.

இரண்டாம் மாற்றம் 2017 முதல் 2019 வரை நேர்ந்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுபட்டு நின்று, சாகோசு வழக்கைப் பன்னாட்டு முறைமன்றத்தின் கருத்துக்கு அனுப்பச் செய்தன. 2019 பிப்பிரவரி 25-இல் அம்மன்றம், 13 பேர்க்கு ஒருவர் என்னும் கணக்கில், மொரீசின் விடுதலை முறைப்படி நிறைவுறவில்லை என்றும், ஆங்கிலேயர் தீவுகளின் ஆட்சியை விரைந்து விட்டு நீங்க வேண்டுமென்றும் உரைத்தது. 2019 மே 22-இல் ஒன்றிய நாடுகள் அவையில் 116 நாடுகள் அக்கருத்தின் பக்கம் நின்றன. ஆங்கிலேயரோடு சேர்ந்து எதிர்த்து நின்றவை ஐந்தே நாடுகள். ஞாயிறு மறையாப் பேரரசு என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர், அவையில் ஆறுபேருள் ஒருவராக அமர்ந்திருந்தனர். உலக ஒழுங்கு மெய்யாகவே மாறியிருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

ஆயின், அதன் கனி யார் கைக்குப் போயிற்று?

2025 மே 22-இல் ஆங்கிலேயரும் மொரீசும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். தீவுகளின் இறையாண்மை மொரீசுக்கு. தியேகோ கார்சியாவோ 99 ஆண்டுக் குத்தகையில் ஆங்கிலேயருக்கும், அவர்வழி அமெரிக்கப் படைக்கும்! குத்தகைப் பணம் ஆண்டுக்கு நிரவலாக 10 கோடியே 10 இலக்கம் பவுண்டு. மொரீசின் சார்பில் ஒப்புக்கொண்டவர் நவீன் இராம்கூலம். 1965-இல் தந்தையிடம் அச்சம் காட்டி வாங்கப்பட்ட தீவு, அறுபதாண்டு கழித்து மகனிடம் பணம் காட்டிக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. அன்று 30 இலக்கம். இன்று ஆண்டுதோறும் 10 கோடி. விலை ஏறியிருக்கின்றது; தளம் அசையவில்லை.

மக்கள்? அவர்களுக்கென 4 கோடி பவுண்டில் ஓர் அறக்கட்டளை. தியேகோ கார்சியா தவிர்ந்த ஏனைத் தீவுகளில் மொரீசு அரசு குடியேற்றம் செய்து கொள்ளலாம். 'செய்யலாம்' என்றிருக்கின்றதேயன்றிச் 'செய்தல் வேண்டும்' என்றில்லை. ஒரு விகுதியில் ஒரு தாயகம் தொங்குகின்றது. உடன்படிக்கை பேசிய மேசையில் அம்மக்களுக்கு இருக்கை இல்லை. தியேகோ கார்சியாவில் பிறந்த பெண்கள் இருவர் இலண்டன் முறைமன்றை நாடியதால் கையொப்பம் சில மணிநேரம் தள்ளிப்போயிற்று, அவ்வளவே. மொரீசின் ஆட்சியை ஏற்போரும், ஆங்கிலேயர் ஆட்சியே போதுமென்போரும், இருவரையும் மறுத்துத் தம் முடிவைத் தாமே செய்வோம் என்போரும் அம்மக்களுள் உளர். எது சரி என்று சொல்ல நாம் யார்? அவர்களைக் கேளாமலே முடிவு செய்ய அவர்கள்தாம் யார்?

அவ்வுடன்படிக்கைக்கும் உறுதியில்லை. 2025 மே திங்களில் அதனை வரவேற்றது அமெரிக்க அரசு. 2026 சனவரியில் அதே அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் அதனைப் பெருமடமை என்று இகழ்ந்தார். உலக முறைமன்றம் உரைத்ததும் 116 நாடுகள் கைதூக்கியதும் ஒருபுறமிருக்க, இன்றும் வல்லரசின் ஒருவர் வாய்ச்சொல்லில் தீவின் ஊழ் ஊசலாடுகின்றது.

வேறு வல்லரசு வந்தால் வேறுவகையாய் நடக்குமோ என்று சிலர் நம்பக்கூடும். சீனம் 2017-இல் ஆப்பிரிக்கக் கரையில் சிபுத்தியில் தன் படைத்தளத்தைத் திறந்தது. அதே ஆண்டில் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. கொடி வேறு, குத்தகைக் காலம் ஒன்றே! 1971 திசம்பர் 16-இல் இந்தியப் பெருங்கடலை அமைதிக்கடலென ஒன்றிய நாடுகள் அவை சாற்றியபோது அதனைப் போற்றியதும், தியேகோ கார்சியாத் தளத்தை 1970-களில் கடுமையாகச் சாடியதும் இந்திய அரசு. அதே இந்திய அரசு, 2024 பிப்பிரவரி 29-இல், மொரீசுக்குரிய அகலேகாத் தீவில் தான் கட்டித் தந்த வானூர்தி ஓடுபாதையைத் திறந்து வைத்தது. 2025-இல் தியேகோ கார்சியாக் குத்தகை உடன்படிக்கையையும் வரவேற்றது. வளர்ந்தவன் வாய்மொழி மாறுவது இவ்வாறுதான். அகலேகாவில் வாழ்வோர் சில நூற்றுவரே. சாகோசுவின் கதை தமக்கும் நேருமோ என்று அவர்கள் அஞ்சுவதில் வியப்பென்ன?

இக்கதையில் தமிழரும் வந்து சேர்ந்தனர் என்பது நம் நெஞ்சைச் சுடும் செய்தி. 2021 அக்தோபரில், கனடாவை நோக்கிச் சென்ற படகொன்று கடலில் பழுதுற, அதிலிருந்த ஈழத்தமிழ் ஏதிலியர் தியேகோ கார்சியாவில் கரைசேர்க்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் உட்பட வேலியிட்ட கூடாரங்களில் அவர்கள் அடைக்கப்பட்டனர். மூன்றாண்டுக்கு மேல் கழிந்து, 2024 திசம்பரில்தான் பெரும்பாலோர் இங்கிலாந்து சேர்ந்தனர். அவர்களை அடைத்து வைத்தது சட்டத்திற்கு மாறானதென அதே திங்களில் தீர்ப்பும் வந்தது. பிறந்த மக்களை வெளியே தள்ளிய தீவு, ஒதுங்க வந்த மக்களை உள்ளே பூட்டியது. இரண்டு மக்களுக்கும் பொதுவாயிருந்தது ஒன்றே: தம் பொருட்டு எழுந்து நின்று பேச அவர்களுக்கென ஓர் அரசு இல்லை.

ஆகவே, உலக ஒழுங்கு மாறுகின்றது என்று யாரேனும் மகிழ்ந்தோ அஞ்சியோ சொல்லும்போது, நாம் கேட்க வேண்டியது எவன் கொடி ஏறுகின்றது என்பதன்று. வெளியேற்றப்பட்டவன் வீடு திரும்பினானா, அவன் மொழியில் அவனிடம் கேட்கப்பட்டதா, முடிவு செய்த மேசையில் அவன் அமர்ந்திருந்தானா என்னும் மூன்றையுமே கேட்டல் வேண்டும். இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை வரும்வரை, மாறியது ஒழுங்கன்று, உரிமையாளர் பெயர்ப்பலகையே. ஒரு வல்லரசின் பிடியிலிருந்து தப்ப மற்றொரு வல்லரசின் மடியைத் தேடும் சிறு மக்கள், குத்தகைச் சீட்டில் பெயர் மாறுவதையே விடுதலையென மயங்குவர்.

பெரோசு பாஞோசுவில் ஆளற்ற வீடுகளின் சுவர்களுக்கிடையே இன்று தென்னைகள் காடாய் மண்டிக் கிடக்கின்றன. அவற்றை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மொரீசின் சேரிகளிலும் இங்கிலாந்தின் வாடைக் குளிரிலும் இருந்துகொண்டு, தாம் காணாத தாயகத்தைத் தம் தாய்மொழியிலேயே பாடி வருகின்றனர். ஐம்பதாண்டுக்கு மேலாகியும் அம்மொழியை எந்த உடன்படிக்கையாலும் குத்தகைக்கு எடுக்க இயலவில்லை. மொழி உள்ளவரை மக்கள் உளர். மக்கள் உள்ளவரை வழக்கு முடிவதில்லை!